அரை மாத்திரை

உடம்பு சுடுகிறது என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழந்தைக்குச் சுட்டால் என்ன செய்வார்களோ அதையே செய்கிறார்கள். சின்ன உடம்பு என்று மாத்திரையைப் பாதியாக உடைக்கவும் செய்கிறார்கள். 500 மில்லிகிராம் மாத்திரையில் அந்தப் பாதி, நாலு கிலோ பூனையைக் கொல்லப் போதும். மனிதரின் கல்லீரல் இந்த மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. வெளியேற வழியில்லாத மருந்து நஞ்சாகச் சிதைந்து, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே பறித்துவிடுகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு போனால் காப்பாற்றலாம். "வேற ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்கும்போது, "ஒண்ணும் குடுக்கல சார், பாதி மாத்திரைதான்" என்ற பதில் வருவதை நானே கேட்டிருக்கிறேன். மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே அந்த அம்மா சேர்க்கவில்லை.

இதில் இன்னொரு வேதனை உண்டு. அந்தப் பூனைக்குக் காய்ச்சலே இல்லாமல் இருந்திருக்கலாம். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அவை எப்போதும் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றுதான் உண்மை சொல்லும்.

நாய், பூனை நலம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தும், கால்நடை மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருந்தும் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: நம் வீட்டு விலங்குகள் படும் துன்பத்தில் பெரும்பகுதி அன்பின் பெயரால் வருவது. நம் உடம்பை அளவுகோலாக வைத்து அவற்றின் உடம்பை அளக்கிறோம். பசி, வெயில், வலி, மருந்து என எல்லாவற்றிலும் இந்தத் தவறு தொடர்கிறது. பூனை சின்ன நாய் கிடையாது என்று கால்நடை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நாய் சின்ன மனிதன் கிடையாது என்பதை நாம் வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மருந்திலிருந்தே தொடர்கிறேன். மூட்டுவலிக்கு நாம் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு இரைப்பையில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் உண்டாக்கும். நாய்க்கென்றே தயாரான வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து, சிறுநீரகம் பார்த்து மருத்துவர் கொடுப்பார். நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது பாதுகாப்பானது. மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பூனைக்கு விட்டால், நடுங்கி, வலிப்பு கண்டு, உயிருக்குப் போராடும். நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கும் வீடுகளில், நாய்க்கு மருந்து விட்ட அன்று இரண்டையும் பிரித்து வைப்பது நல்லது. சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெயும் வண்டியின் பழைய ஆயிலும் தடவும் வழக்கத்தை இனி யாரும் செய்யக்கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். சொறிக்கு இன்று நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன.

அடுத்தது சோறு. தமிழ்நாட்டு நாய் தலைமுறை தலைமுறையாகத் தயிர்ச்சோற்றிலும் பால்சோற்றிலும் வளர்ந்தது. இன்று ஒரு தரப்பு, நாய் ஓநாயின் வழிவந்தது, அதற்குச் சோறே ஆகாது, பச்சை இறைச்சிதான் தர வேண்டும் என்கிறது. இன்னொரு தரப்பு, எங்கள் வீட்டு மணி பதினைந்து வருஷம் சோறு தின்றே இருந்தது என்கிறது. 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இந்தச் சண்டைக்குப் பாதி விடை தருகிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி இருக்க, நாய்க்கு நாலில் தொடங்கி முப்பது வரை இருப்பதாக அது காட்டியது. மனிதனோடு வாழ்ந்து, மனிதன் தின்றதைத் தின்று, நாயின் வயிறு சோற்றுக்குப் பழகிவிட்டது. ஆகவே சோறு விஷம் இல்லை. ஆனால் சோறும் தயிரும் மட்டுமே என்றால் புரதம், கால்சியம், துத்தநாகம் எல்லாம் பற்றாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால் வளைந்துபோவதை இப்படித்தான் பார்க்கிறோம். முட்டை, கோழி, மீன், கொஞ்சம் காய் என்று சேர்த்து, தாது உப்பை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்தால் வீட்டுச் சாப்பாட்டிலேயே நாயை நன்றாக வளர்க்கலாம்.

பூனைக்கு இந்தச் சலுகை கிடையாது. அது முழு ஊனுண்ணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பிலேயே போதிய அளவு தயாரிக்க அதற்கு வராது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்து வீங்கும் என்று 1987-இல் அமெரிக்காவில் பால் பியான் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் நிறுவினார்கள். அதன் பிறகே பூனைத் தீவன நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. சைவ வீட்டில் பூனையைப் பால்சோற்றில் வளர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். எலும்பில்லாத இறைச்சியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் இல்லாமல் எலும்பு நொறுங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விஷம் என்று பார்த்தால் சாக்லேட்டை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெங்காயமும் பூண்டும் அவ்வளவாகத் தெரியவில்லை. இரண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்கு இன்னும் கடுமை. சாம்பாரும் பிரியாணி மிச்சமும் தட்டில் விழும்போது நினைவிருக்கட்டும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள ஸைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்திவிடும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஏன் செயலிழக்கச் செய்கின்றன என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள் ஒரு விடையை முன்வைத்தார்கள்: டார்ட்டாரிக் அமிலம். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றிடமிருந்து கிடைத்த தடயம் அது. மாவில் டார்ட்டாரிக் உப்பு கலந்திருந்தது. அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையில், புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் சேர்ந்தன. புளியின் புளிப்பே டார்ட்டாரிக் அமிலம்தான். ரசம் பட்ட சோற்றை ஒரு வாய் தின்றதும் நாய் விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புளியோதரையை ஆசையாக வைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 48 லாப்ரடார் நாய்களை இரண்டு இரண்டாக இணைத்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. கெஞ்சும் கண்ணுக்காக நாம் கொடுக்கும் பிஸ்கட்டின் விலை அது.

வெயில். நாய்க்குப் பாதத்தில் தவிர வியர்ப்பதில்லை என்றே சொல்லலாம். நாக்கை நீட்டி மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாவதில்தான் அது குளிர்கிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்த சென்னையில், தூத்துக்குடியில் அதுவும் சரியாக நடக்காது. 2003-இல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே நடந்து வந்த பிறகு, இந்தியா முழுக்கப் பக் வாங்கினார்கள். மூக்கே இல்லாத அந்த முகத்தில் மூச்சுக்குழல் இடுங்கிப்போயிருக்கும். குறட்டை என்று நாம் ரசிப்பது அதன் மூச்சுத்திணறல். சித்திரை வெயிலில் பகலில் நடத்திக் கூட்டிப்போவதும், பூட்டிய காரில் ஐந்தே நிமிடம் என்று விட்டுப்போவதும் அதைக் கொன்றுவிடும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குத் தாங்காவிட்டால் அதன் பாதத்துக்கும் தாங்காது. வெப்பத் தாக்கில் விழுந்த நாயின் மேல் உடனே தண்ணீர் ஊற்றி, விசிறியைப் போட்டு, குளிரச் செய்துகொண்டே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி ஏற்றுவது என்ற வரிசை உயிர் காக்கும்.

தடுப்பூசிக்கு வருவோம். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் உலகத்துக்குத் தெரியவந்தது 1978-இல்தான். பூனைகளைத் தாக்கும் பான்லூகோபீனியா வைரஸின் நெருங்கிய உறவு அது. அதற்கு முன் வளர்ந்த நாய்கள் அறியாத நோய். சில ஆண்டுகளில் எல்லாக் கண்டங்களுக்கும் பரவியது. குட்டி சாப்பாட்டை மறுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு இரத்தமாகப் போகும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; சாதாரண ஃபினாயிலுக்கு அடங்காது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் அடங்கும். பார்வோவில் ஒரு குட்டியை இழந்த வீட்டில், துக்கம் ஆற வேண்டும் என்று அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் போய்விட்டது.

"ஊசி போட்டும் வந்துடுச்சே" என்பார்கள். விடை தாய்ப்பாலில் இருக்கிறது. சீம்பாலில் வந்த நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டியைக் காக்கும். அவையே தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். அவை எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஓர் ஊசியோடு நிறுத்திவிட்டுக் குட்டியைத் தெருவில் இறக்குவது ஆபத்து. வளர்ந்த பின் ஆண்டுதோறும் போட வேண்டுமா என்ற விவாதமும் நடக்கிறது. உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை. எலிக்காய்ச்சலுக்கான ஊசியோ ஆண்டுதோறும் வேண்டும். மழைநீர் தேங்கி, எலி மூத்திரம் கலந்து ஓடும் நம் ஊர்களில் அதை விடக்கூடாது. அந்த நோய் நாயிடமிருந்து நமக்கும் வரும். நம் மருத்துவர்கள் பலர் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் போடுகிறார்கள். இதைக் கொள்ளை என்று சொல்வது நியாயமில்லை; வருஷத்துக்கு ஒருமுறையாவது நாயை மருத்துவர் தொட்டுப் பார்க்க அந்த ஊசிதான் காரணமாகிறது.

உண்ணியின் கதையில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. உண்ணி பரப்பும் பபீசியா கிப்சோனி என்ற இரத்த ஒட்டுண்ணியை 1910-இல் பேட்டன் என்பவர் முதன்முதலாக விவரித்தார். அவர் அதைக் கண்டது மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்தில். பிறகு குள்ளநரிகளின் இரத்தத்திலும் கண்டார். நூறாண்டுக்குப் பிறகும் அதே ஊரில் அதே கிருமியால் நாய்கள் இரத்தமின்றி வெளுத்துப் படுக்கின்றன. இன்னொன்று எர்லிக்கியா. 1935-இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்களை வாரிக்கொண்டு போனது. காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம் என்று வரும். ஆரம்பத்தில் கண்டால் டாக்ஸிசைக்ளின் மருந்துக்குக் கேட்கும். நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் நாய் எழுந்து ஓடியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம்.

நாயின் மேல் தெரியும் உண்ணி மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் சுவர் விரிசலில், கட்டில் இடுக்கில், கதவுச் சட்டத்தின் பின்னால் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிடுங்கிப் பிடுங்கி நெருப்பில் போட்டாலும் தீராததற்குக் காரணம் இதுதான். நாய்க்கு மருந்து கொடுப்பதோடு விரிசலைப் பூசி அடைப்பதும் சிகிச்சையின் பகுதி. 2014 முதல் வந்த ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் இந்தப் போரையே மாற்றிவிட்டன. வலிப்பு உள்ள நாய்களுக்கு மட்டும் அவற்றை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது.

எல்லாவற்றிலும் பெரியது வெறிநோய். 1885-இல் பாஸ்டரின் ஊசி ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. 1907-இலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயில் சாவதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் நாயிடமிருந்து. வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. தடுப்பதோ ஏறக்குறைய நிச்சயம். இவ்வளவு தெளிவான கணக்கு மருத்துவத்தில் வேறெங்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. இப்போது தோலுக்குள் சிறு அளவில், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். மிளகாய்ப் பொடி, காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஆழமான கடிக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும், கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கலாம் என்பது உண்மை. அந்தப் பத்து நாள் ஊசியைத் தள்ளிப்போடுவதற்காகச் சொன்னது அல்ல. ஊசியைத் தொடங்கிவிட்டு, நாய் நலமாக இருந்தால் மிச்சத்தை நிறுத்துவதற்காகச் சொன்னது.

எல்லோரும் வாயில் நுரை வழிய ஓடும் நாயைத்தான் வெறிநாய் என்று நினைக்கிறார்கள். ஊமை வெறி என்று ஒன்று உண்டு. நாய் மூலையில் ஒடுங்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று பாசத்தோடு வாய்க்குள் கையை விடுவார்கள். மருத்துவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். குட்டிதானே, பல் லேசாகப் பட்டதுதானே என்று விட்டதும் உயிரைக் குடித்திருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர வேண்டும். தெருவுக்குப் போகாத பூனைக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம், பால்கனி வழியாக வரும் வேறு பூனையை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது நெடுநாள் அனுபவம். அந்த எழுபதில் நம் வீட்டு நாயும் ஒன்று; நாம் சோறு வைக்கும் தெருநாயும் ஒன்று.

கருத்தடை பற்றிய விவாதத்தில் நேர்மையாக இரு பக்கமும் சொல்ல வேண்டும். பெண் நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு, செய்யாத நாய்க்கு உள்ளதில் 0.5 சதவீதமாகக் குறையும், ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26 என்று 1969-இல் வந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2012-இல் நடந்த மறுபரிசீலனை அந்த ஆதாரம் வலுவற்றது என்றது. மறுவருடம் வந்த கோல்டன் ரெட்ரீவர் ஆய்வு, ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவற்றில் மூட்டு நோய் கூடுவதைக் காட்டியது. ஆகவே பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் காத்திருப்பது நல்லது என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. ஆனால் கருப்பையில் சீழ் கோக்கும் பையோமெட்ரா என்ற நோய் இருக்கிறது. கருத்தடை அவ்வளவாகச் செய்யாத ஸ்வீடனில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு அது வந்தது. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் சோர்ந்து, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் அதற்கு நிறைவு என்பது நம் தாய்மை ஆசையை அதன் மேல் ஏற்றுவது. நாட்டு நாய்க்கும் பூனைக்கும் கருத்தடையைத் தயங்காமல் செய்யலாம் என்பதே என் முடிவு.

இனி விபத்துகள். எலிக்கு வைக்கும் விஷ கேக்கைத் தின்ற நாய்க்கு மூன்று நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசியும். தின்ற அன்றே போனால் வைட்டமின் கே காக்கும். உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். பாம்பு கடித்த நாய்க்கும் மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான். பூனை வளர்க்கும் அடுக்ககப் பால்கனிக்கு வலை வேண்டும். 1984-இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளில் சிகிச்சை பெற்றவை பத்தில் ஒன்பது பிழைத்தன என்ற ஆய்வைக் காட்டிப் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வரவில்லை.

பூனை தன் வலியைச் சொல்லாது. ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, சொட்டுச் சொட்டாகக்கூட வராமல் திரும்பினால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. இரண்டு மூன்று நாளில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டிய நோய். வயதான பூனைக்கும் நாய்க்கும் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை ஒரு மருத்துவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவது. முப்பதுக்குள் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறி முப்பதைத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ உதவி கேட்கிறது. எங்கள் வீட்டுக் கிழப்பூனை துணி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய வேட்டியின் மேல் படுக்கும். இரவு விளக்கணைக்கும் முன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருகிறேன். நேற்று இருபத்து நான்கு.